திட்டித் திட்டியே வாயை அடைத்துவிட்டு, அப்புறம் ‘விழிப்புணர்வு இல்லை’யாம்

"எத்தனை தடவை சொன்னாலும் இதுங்களுக்கு ஏறாது."

கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் எங்கள் ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மதியத்துக்குள் ஒருமுறையாவது இந்த வசனம் காதில் விழுந்துவிடும். என் தங்கைக்குத் துணையாகப் போய் அந்த வரிசையில் பல செவ்வாய்க்கிழமைகள் நின்றவள் நான். அதனால் கேட்கிறேன். எத்தனை தடவை சொன்னீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்? அட்டையை வாங்கி, எடை பார்த்து, பிபி பார்த்து, எழுதி, "ரத்தம் கம்மியா இருக்கு, மாத்திரைய ஒழுங்கா போடு, அடுத்த ஆள் வா" என்று முடிப்பதற்குள் அந்தப் பெண் நாற்காலியில் சரியாக உட்கார்ந்திருக்கக்கூட மாட்டாள். இதற்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதா?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் இங்குள்ள கர்ப்பிணிகளில் சுமார் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெண்கள் வருகிறார்கள். பஸ் பிடித்து, வேலைக்கு லீவு போட்டு, மூத்த குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ரத்தமில்லாமலேதான் இருக்கிறார்கள் என்றால், குறை வந்தவளிடம் மட்டுமா இருக்கிறது?

அந்த இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாளாவது போட வேண்டும், பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போயிருந்தால் தினம் இரண்டு. பட்டை பட்டையாகக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதைப் போட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவள் வீட்டுக்குப் போய்ப் போடுகிறாள், மறுநாள் கறுப்பாகப் போகிறது, பயந்துவிடுகிறாள். உடனே பக்கத்து வீட்டு அம்மா, "அதான் சொன்னேன்ல, இந்த மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பா பொறக்கும்" என்கிறார். முடிந்தது கதை. மாத்திரை பரணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் சாக்கடைக்கு.

இன்னொருத்திக்கு வயிற்றைப் பிரட்டுகிறது, மலச்சிக்கலாகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார், காய்கறியும் தண்ணீரும் கூட்டிக்கொள் என்று யாராவது சொன்னார்களா? காபி, டீ குடிக்கும் நேரத்தில் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினாலும் அதே கதைதான், நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். இதையெல்லாம் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? என் தங்கை கால்சியத்தையும் இரும்பையும் காலை டீயோடு ஒன்றாகப் போட்டு வந்திருக்கிறாள். மாதாமாதம் ரத்தம் ஏறவில்லை என்று திட்டு மட்டும் கிடைத்ததே தவிர, எப்போது போடுகிறாய், எப்படிப் போடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளாக வாயைத் திறந்து "சிஸ்டர், இத சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்றதற்குக் கிடைத்த பதில்: "படிச்சவதானே நீ? அட்டையில பாரு." அட்டையில் இல்லை. நான் முழுசாகத் தேடிப் பார்த்தேன்.

ஒரு கேள்விக்கு இந்த மாதிரி பதில் வந்தால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? வரிசையில் பின்னால் இருப்பவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் போவது சத்து. கால் வீக்கத்தில் உயிரே போகும். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், அங்கேயும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கினால், தலைவலி விடாமல் இடித்தால், கண் மங்கினால், மேல்வயிற்றில் வலித்தால் அது ரத்த அழுத்தத்தின் வேலையாக இருக்கலாம். 140/90-ஐத் தொட்டுவிட்டால் அலட்சியம் கூடாது. அது முற்றினால் வலிப்பு. இந்த நான்கு அறிகுறிகளோடு குழந்தையின் அசைவு குறைவது, நீர் உடைவது, ரத்தம் படுவது என்று இன்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பாட்டியும் மனப்பாடமாக வைத்துக்கொள்வார். சமுதாய வளைகாப்பு என்று அரசே நடத்துகிறது அல்லவா, நான் போயிருந்த ஒரு விழாவில் வளையல் உண்டு, கலந்த சாதம் உண்டு, மேடையில் வரிசையாகப் பேச்சும் உண்டு. இந்த ஏழு அறிகுறிகளைச் சொல்ல ஆள் இல்லை. போட்டோ மட்டும் ரொம்ப நன்றாக வந்திருந்தது.

அடுத்தது இன்னும் கேவலம். கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை, பால்வினை நோய்ப் பரிசோதனைகள் எல்லாம் எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுகள் அவளுக்கும் சிகிச்சை தருபவருக்கும் மட்டும் உரியவை. எச்ஐவி நிலையை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே வந்தது. நடப்பது என்ன? பெயரைக் கூப்பிட்டு, காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரி, "உனக்கு திரும்ப டெஸ்ட் எடுக்கணும், அந்த ரூமுக்குப் போ" என்று கத்துகிறார்கள். எந்த ரூம் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபரிசோதனை வேறு எதற்காகவோ இருக்கலாம், ஆனால் அவள் திரும்பி வருவதற்குள் மாமியார் முகம் மாறியிருக்கும். திரை போடாமல் பரிசோதிப்பது, மாணவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கையுறை மாட்டுவது, இதெல்லாம் பழகிப் போயிற்று என்கிறார்கள். யாருக்குப் பழகிப் போயிற்று? மேசையில் படுத்திருப்பவளுக்கு அது முதல் தடவை.

பிரசவ அறையில் என்ன பேசுவார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. வலியில் கத்துகிற பெண்ணிடம் புருஷனை இழுத்து ஒரு வாக்கியம் சொல்வார்கள். பெற்றவர்கள் பலருக்கும் அது என்ன என்று தெரியும், எழுதக் கை கூசுகிறது. தொடையில் அறை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பு வேண்டும், கூடவே உறவுப் பெண் ஒருத்தி துணை இருக்கலாம் என்கிறது. துணை ஒருத்தி பக்கத்தில் நின்றால் பாதிப் பேச்சு தானாகவே நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, கேட்டால் "உள்ளே இடமில்லை" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

சரி, அவர்கள் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு ராத்திரி டியூட்டியில் வார்டு முழுக்க ஒரே செவிலியர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்து வருடக்கணக்கில் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்களின் கோபம் நியாயமானது. கிராம சுகாதார செவிலியர் பாதி நாள் பிக்மி என்கிற கர்ப்பிணிகள் இணையப் பதிவையும் ரிப்போர்ட்டையும் கட்டிக்கொண்டு அழுகிறார். எங்கள் கிராமத்துச் செவிலியரைப் போல வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அம்மாவால்தான் என் தங்கை பிழைத்தாள், டீயோடு மாத்திரை போடுவதைக் கண்டுபிடித்து நிறுத்தியது அவர்தான். ஆனால் ஆள் பற்றாக்குறைக்குக் கோபப்பட வேண்டிய இடம் மேலே இருக்கிறது. டாக்டர் செவிலியரைத் திட்டுகிறார், செவிலியர் ஆயாவைத் திட்டுகிறார், ஆயா கர்ப்பிணியைத் திட்டுகிறார். அவளுக்குக் கீழே யாரும் இல்லாததால் அது அங்கே நிற்கிறது.

தனியாருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று. அங்கே "மேடம்" உண்டு, ஏசி உண்டு, விளக்கம் கிடையாது. "எல்லாம் நார்மல்" என்று மாதாமாதம் சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் "உடனே ஆபரேஷன்" என்பார்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 சதவீதமும் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதமும் சிசேரியன். அத்தனையும் தேவையில்லாதவை என்று நான் சொல்லவில்லை, ஆபரேஷனால் பிழைத்த தாயும் பிள்ளையும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஏன் வெட்டுகிறீர்கள் என்பதை வெட்டப்படுகிறவளிடம் சொல்லுங்கள் என்கிறேன். கையெழுத்தைக்கூட வெளியில் நிற்கிற கணவனிடம், ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தில், படிக்க நேரம் கொடுக்காமல் வாங்குகிறார்கள். அவரும் போட்டுவிடுகிறார். மாமனாரிடம் கேட்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் மனைவியிடம் கேட்டிருக்கலாம், அது வேறு கதை.

கடைசியாகக் காசு. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி எல்லாம் இலவசம் என்று 2011-லேயே திட்டம் வந்துவிட்டது. ஆனால் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு ரேட் இருக்கிறது. பையன் என்றால் ஒரு ரேட், பெண் என்றால் அதைவிடக் குறைவு. ‘பெண் குழந்தைகளைக் காப்போம்’ போஸ்டர் ஒட்டிய சுவருக்கு அடியிலேயே நின்று இந்தப் பேரம் நடக்கும். என் தங்கைக்குப் பெண் பிறந்தபோது, "பொண்ணுதான், பார்த்துக் குடுங்க" என்று சலுகை விலை சொன்னார்கள். தள்ளுவண்டிக்குத் தனி, துணி மாற்றத் தனி. இதைக் கேட்டால் "சந்தோஷத்துல குடுக்குறாங்க" என்பார்கள். சந்தோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே படுத்திருக்கிறவளைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்கிற பயத்தில் கொடுக்கிறார்கள்.

104-க்குக் கூப்பிட்டால் இலவசம்தான், புகாரைச் சொல்லலாம். கூப்பிடத் தயக்கமாக இருந்தால், கை நீட்டுகிறவரிடம் வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரசீது கேளுங்கள். நான் கேட்டேன். குழந்தையை என் கையில் வைத்துவிட்டு அந்த அம்மா போன வேகம் இருக்கிறதே, ஒரு எமர்ஜென்சிக்குக்கூட அங்கே யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.