என்ஜினைவிட சேஸிஸ்தான் முக்கியம்
பழைய குட்டி யானையை, அதாவது டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியை, வாங்குவோருக்கு, ‘என்ஜின் ஓடினால் போதும், மற்றதை வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம்’ என்று இங்கே வெளியான கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறும் யோசனை தலைகீழானது என்றே கருதுகிறேன். 2005இல் வந்த டாடா ஏஸின் முதல் மாடலில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின்; பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் வேலை தெரிந்த ஒரு துணையாளும் இருந்தால் அதை வீட்டிலேயே இறக்கி ஏற்றிவிடலாம், உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை. வீட்டில் செய்ய முடியாத வேலை, வண்டியையே தாங்கும் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸில்தான் இருக்கிறது. நான் விலை கேட்கப் போன வண்டி ஒன்று பல காலம் மீன் லோடு அடித்தது. பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் தொட்டியின் இடுக்குகள் வழியாக இறங்கி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுற்றி இரும்பை அரித்திருந்தது. மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தது; அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் குத்தியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. முக்கால் டன் பாரத்தைச் சுமக்கும் அந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டுவது வாடகை வெல்டிங் மெஷினைக் கொண்டு செய்யும் வேலையல்ல. ‘உள்ளூரில்தானே ஓட்டப் போகிறோம்’ என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்கு, எங்கே ஓட்டினாலும், வண்டி ஓடத் தகுதியானதா என்று சோதித்துத் தரும் எஃப்சி எனும் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் எடுத்தாக வேண்டும். என்ஜினில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போன வண்டியைக்கூட நான் தயங்காமல் வாங்குவேன். மீன் வண்டி என்றால் அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன்.