பிள்ளையா, இல்லமா என்று மட்டும் கேட்காதீர்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் வயதான தாய் தகப்பனைப் பற்றிக் கதை வந்தால் இரண்டே வழி இருப்பதுபோலப் பேசுகிறோம். பிள்ளை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டார்கள். பார்க்க வேண்டிய பிள்ளை ரொறன்ரோவில் இருக்கும். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை இன்னும் தேடுகிறவர்களும் இங்கே நிறையப் பேர். வீட்டுத்திட்ட வீட்டில் தனியே இருக்கும் ஒரு அம்மாவுக்கு மாதாமாதம் காசு வருகிறது, ராத்திரி தலை சுற்றி விழுந்தால் தூக்க ஆளில்லை. அதற்கும் “பிள்ளையள் நல்லாப் பாக்கினம்” என்கிறோம்.

இல்லங்களும் எல்லாம் ஒன்றல்ல. யாழ்ப்பாணம் கைதடியில் இருப்பது அரச முதியோர் இல்லம். வவுனியா கோவில்குளத்தில் இருப்பது சிவன் கோவிலைச் சார்ந்தது. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இடங்களும் உண்டு. எங்கே சேர்ப்பதானாலும் முதலில் கேட்க வேண்டியது, “படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பீர்களா?” தன் வேலையைத் தானே செய்யக்கூடியவரை மட்டும் எடுக்கும் இடங்கள் பல. பக்கவாதம் வந்தவருக்கும் மறதி நோய் முற்றியவருக்கும் இரவிலும் ஆள் வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடத் தெரிந்தவர் வேண்டும். அப்படியானவரை நல்ல இடத்தில் சேர்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காணி வாங்கும்போது உறுதிப் பத்திரத்தை நாலுதரம் புரட்டுகிற சனம்தானே நாங்கள்.

ஆனால் நடமாடக்கூடியவரை ஏன் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும்? துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ மாடும் தோட்டமுமாக இருந்தவர் அவர். எத்தனையோ இடப்பெயர்வு கண்டவரை எழுபது வயதில் இன்னொருதரம் பெயர்க்கிறோம். அவருக்குத் தேவை பகல்நேரப் பராமரிப்பு நிலையம். காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பிரஷர் பார்த்து, நாலு பேரோடு கதைத்துவிட்டுப் பின்னேரம் தன் வீட்டுக்கே போகலாம்.

இரவுக்குத் துணை வேண்டுமென்றால் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். வேலை தேடும் பெண்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி வேண்டும், லீவு நாள் வேண்டும். ஒரே சம்பளத்தில் சமையல், முற்றம் கூட்டுவது, மாடு பார்ப்பது, அப்புறம் அம்மாவையும் பார்ப்பது என்றால் யார் நிற்பார்கள்?

கட்டடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பூட்டிக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபம் எத்தனை ஊரில் இருக்கிறது! வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் வரவேற்பு வளைவு கட்ட அனுப்பும் காசில் இரண்டு பேருக்குச் சம்பளமும் இருபது பேருக்கு மத்தியானச் சாப்பாடும் ஒரு வருடமாவது ஓடும் என்பது என் கணக்கு. சங்கங்களில் பொருளாளராக இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சரியா பிழையா என்று சொல்லுங்கள்.