கோலாலம்பூருக்கு எதில் போவது என்று கேட்பவர்களுக்கு

பினாங்கில் யாராவது "கேஎல் போகணும், எதுல போகலாம்?" என்று கேட்டால் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்தான் மலிவு என்பார் ஒருவர். பிளைட்டில் ஒரு மணி நேரம்தானே என்பார் இன்னொருவர். காரை எடுத்தால் வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்று மாமா சொல்வார். எல்லாமே உண்மைதான். ஆனால் போகிறவர் யார், கோலாலம்பூரில் எந்த இடத்துக்குப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டும் தெரியாமல் எதில் போவது என்று சொல்லவே முடியாது என்பது என் கட்சி. வீட்டுப் பெரியவர்களை அனுப்பும்போது இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

நான் பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் பிறை ஊர்க்காரி. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இந்தப் பக்கம், மீதிப் பேர் கோலாலம்பூர்ப் பக்கம், செந்தூலிலும் கிள்ளானிலும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்று யாராவது போய் வந்துகொண்டேதான் இருப்போம்.

வயதான பெண்கள் பஸ் பயணத்துக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? என் அத்தைக்குச் சர்க்கரை, முட்டிவலி இரண்டும் உண்டு. மறுநாள் காலை பஸ் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். காலையில் மாத்திரையை விழுங்க ஒரே ஒரு மடக்கு. தேத்தண்ணி கலந்து கொடுத்தால் கையால் தள்ளிவிடுவார். "நடுவழியில அவசரம்னா டிரைவர்கிட்ட போயி என்னம்மா சொல்றது?" என்பார். நம் விரைவு பஸ்களில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. தாப்பாவிலோ வேறு ஓய்விடத்திலோ நிறுத்தினால், அந்தச் செங்குத்தான படியில் பக்கவாட்டாக ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டும். பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள். கார்களுக்கு நடுவே நடந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்தால் எழ முடியாத கழிப்பறையைப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ்ஸைத் தேடி ஓடிவர வேண்டும். ஒரே நிறத்தில் நாலு பஸ் நின்றுகொண்டிருக்கும். நாற்பது வயதுக்காரருக்கு இது ஒன்றுமே இல்லை. எழுபதைத் தாண்டிய நீரிழிவு நோயாளிக்கு அரை நாள் தண்ணீரில்லாமல் கிடப்பது சின்ன விஷயமா?

அதனால்தான் ரயில், ரயில் என்று நச்சரிக்கிறேன். இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயில் 2010இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2015இல் வடக்கே பாடாங் பெசார் வரைக்கும், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் வந்தது. மின்சார இரட்டைப் பாதை, மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகம். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு நாலு மணி நேரம், சில வண்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல். வண்டியிலேயே கழிப்பறை, சிற்றுண்டிப் பெட்டி. கால் மரத்துப்போனால் எழுந்து நாலு அடி நடக்கலாம். அத்தை ரயிலில் வரும்போது வீட்டிலிருந்து கட்டி வந்த தோசையைத் தைப்பிங் தாண்டியதும் பிரிப்பார், தண்ணீர் போத்தலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். புக்கிட் மேரா ஏரிக்கு மேலே வண்டி போகும்போது சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பஸ்ஸில் வாயே திறக்காமல் வரும் அதே அத்தைதான்.

தீவுக்காரர்களுக்குப் பட்டர்வொர்த் தூரம் என்ற நினைப்பு உண்டு. பெரி இறங்குதுறை, ரயில் நிலையம், 2018இல் திறந்த பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம் எல்லாம் இப்போது ஒன்றோடொன்று இணைந்துதான் இருக்கின்றன. மழை பெய்தாலும் பிரச்சினை இல்லை. பாலத்து நெரிசலில் கிரேப் வாடகைக்கார் பிடித்து வருவதைவிடப் பெரியில் கடந்து வருவது பெரியவர்களுக்குச் சுலபம்.

சரி, கோலாலம்பூரில் இறங்குவது எங்கே? வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியது இதுதான். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருபவருக்குக் கேஎல் சென்ட்ரலை மிஞ்ச எதுவும் இல்லை. நு சென்ட்ரல் வணிக வளாகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் துன் சம்பந்தன் சாலை, அப்புறம் பூக்கடை வாசமே வழிகாட்டும். பத்துமலைக்கும் செந்தூலுக்கும் அங்கிருந்தே கம்யூட்டர் என்ற புறநகர் ரயில் இருக்கிறது. கிள்ளானுக்கும் கம்யூட்டர்தான், கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் நகரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும். பினாங்கிலிருந்து கிள்ளானுக்கு நேரடி பஸ் என்று சந்தோஷமாக ஏறுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த பஸ் நிற்கும் கிள்ளான் சென்ட்ரல் இருப்பது மேரு சாலைப் பக்கம், தெங்கு கிளானா கடைத்தெருவுக்கு அங்கிருந்து இன்னொரு வண்டி எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எல்லாரும் கேஎல் சென்ட்ரல் வரை வந்து, அங்கே கூட்டத்தில் வழி தேடி அலைகிறார்கள். உங்கள் இடிஎஸ் சுங்கை பூலோவில் நிற்கும் வண்டியா என்று முதலில் பாருங்கள். நின்றால் அங்கேயே இறங்கிவிடலாம். அதே இடத்தில் எம்ஆர்டி என்ற நகர ரயிலின் புத்ராஜெயா தடம் இருக்கிறது. அதில் ஏறினால் வண்டி மாறாமல் ஹாஸ்பிடல் கோலாலம்பூர் என்ற நிலையத்தில் இறங்கலாம். மின்தூக்கி உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. இதய நோயாளிகள் போகும் ஐஜேஎன்னும் அந்த நிலையம் இருக்கும் துன் ரசாக் சாலையில்தான் இருக்கிறது. பினாங்குப் பக்கம் இந்த வழி தெரிந்தவர்கள் குறைவு. தெரியாமல் ஒவ்வொரு தடவையும் சிகிச்சைக்கு வருகிற மனிதரைக் கூடுதலாக அலைய விடுகிறோம்.

பஸ்ஸை நான் வெறுக்கவில்லை. மாணவர்களுக்கும் திடீரென்று கிளம்புபவர்களுக்கும் அதுதான் துணை. கட்டணம் குறைவு, நாள் முழுக்க வண்டி உண்டு. கோலாலம்பூரின் பழைய பஸ் நிலையமான புடுராயாவில் டிக்கெட் முகவர்கள் கையைப் பிடித்து இழுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, 2011இல் வந்த டிபிஎஸ் என்ற புதிய பஸ் நிலையம் எவ்வளவு நிம்மதி என்று தெரியும். அங்கிருந்து செந்தூல் தீமோருக்கோ மஸ்ஜித் ஜாமெக்குக்கோ எல்ஆர்டி என்ற நகர ரயில் ஒரே வண்டியில் போய்விடும். கம்யூட்டரும் பக்கத்திலேயே.

நான் பயப்படுவது ராத்திரி பஸ்ஸுக்குத்தான். பதினோரு மணிக்கு ஏறினால் ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். சாலை காலியாக இருப்பதால் வண்டி அதிகாலை நாலு, நாலரைக்கே டிபிஎஸ் வந்து சேர்ந்துவிடும். ரயில்கள் ஓடத் தொடங்க ஆறு மணி ஆகும். அந்த நேரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். குளிரூட்டியின் குளிரில் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! முதன்முதலாக வேலைக்கோ நேர்காணலுக்கோ வந்த பிள்ளைகள். பெற்றோர் வீட்டில், மகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மிச்சமாகும் பத்து, இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) இது தேவையா? ராத்திரி பஸ்தான் என்றால், விடிந்தபின் போய்ச் சேரும்படி நடுநிசிக்குப் பிறகு கிளம்பும் வண்டியாகப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இருக்கைப் பட்டை. 2007 ஆகஸ்டில் புக்கிட் கந்தாங் அருகே நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே ஒரு விரைவு பஸ் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். 2025 ஜூலை முதல் விரைவு பஸ் பயணிகள் பட்டை போட வேண்டும் என்று அமலாக்கம் வந்துவிட்டது, போடாதவர்களுக்கு 300 வெள்ளி அபராதம். அபராதத்துக்குப் பயந்தாவது போடுங்கள். பாட்டிக்கு மாட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மாட்டிவிடுங்கள்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் போய், ஒரு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கி, நீண்ட தூரம் நடந்து, கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்தால் ரயிலில் வந்திருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய சரியாகிவிடும். அந்த எக்ஸ்பிரஸுக்கு மட்டும் 55 வெள்ளி. சிப்பாங்கிலேயே வேலை உள்ளவர்களுக்கு, அல்லது அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ ஏறுபவர்களுக்கு விமானம் சரி. சுபாங்கில் இறங்கும் சின்ன விமானம் ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா போகிறவர்களுக்கு வசதி.

கார் விஷயத்தில் மாமா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பேர், கைக்குழந்தை, கல்யாணச் சீர் என்றால் காரைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முழு நாளும் வேலை செய்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஜூருவில் டோல் ஏறும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். கோப்பி குடித்தால் தூக்கம் போய்விடாது, கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பண்டிகை நாளில் மெனோரா சுரங்கம் பக்கமும், தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரையும் வண்டிகள் நகராமல் நிற்கும். நாலு மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமாகும்போது ஓட்டுவது ஒரே ஆள். பின்னால் எல்லாரும் தூங்குகிறார்கள். ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இல்லாமல் அந்த நாட்களில் கிளம்பவே கூடாது.

ரயிலில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் டிக்கெட்தான். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்றால் விற்பனை தொடங்கியதும் கைப்பேசியில் வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கிவிடுகிறார்கள். ரயில் யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பெரியவர், கவுண்டருக்கு நேரில் போய் நிற்கும்போது எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கிறது. கட்டணச் சலுகை இருக்கிறது, நல்லது. உட்கார இடமே கிடைக்காதபோது சலுகையை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு வண்டியிலும் சில இருக்கைகளை மூத்த குடிமக்களுக்கென்று கடைசி வாரம் வரை ஒதுக்கி, கவுண்டரிலேயே கொடுக்க வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை எடுத்துப் பேச வேண்டும். கோயில் நிகழ்ச்சிக்கு வரும்போது அவர்களிடம் நேரிலேயே கேளுங்கள், நானும் கேட்கப்போகிறேன்.

அதுவரைக்கும் ஒரு வழி. பாடாங் பெசார் வண்டிகள் பட்டர்வொர்த்துக்குள் வராது, புக்கிட் மெர்தாஜாமில் நின்று போய்விடும். பட்டர்வொர்த்தில் இடம் இல்லை என்று காட்டினால் விட்டுவிடாமல், புக்கிட் மெர்தாஜாம் என்று மாற்றிப் போட்டுத் தேடுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டி யாராவது தீபாவளிக்குப் பிள்ளை வீட்டுக்குப் போவதாக இருந்தால், அவர்களுக்கும் சேர்த்து இப்போதே தேடிக் கொடுத்துவிடுங்கள்.