கோலெஸ்தானுக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது

அந்தத் திரையிடல் அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஈரானியப் பெண் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் தொழுநோயாளிகளைப் பற்றி எடுத்த 'தி ஹவுஸ் இஸ் பிளாக்' ஆவணப்படம் பற்றி உருகி உருகி எழுதிவிட்டு, அதைத் தயாரித்த ஈரானிய இயக்குநர் இப்ராஹிம் கோலெஸ்தானுக்கு ஒரே வரி: "ஃபரூக்கின் காதலர், பணம் போட்டவர்." கீழே வரிசையாக இதயக்குறிகள்.

ஐயா, அந்த ஆள் எழுத்தாளர். 'சேவல்' குறுநாவலை எழுதியவர், ஹெமிங்வேயைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர். ஈரானின் அஹ்வாஸ் அருகே 1958இல் தீப்பிடித்த எண்ணெய்க் கிணற்றை 'எ ஃபயர்' என்று படமாக்கி, 1961இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியவர். அந்தப் படத்துக்கு எடிட்டிங் யார்? ஃபரூக் ஃபரோக்சாத். கோலெஸ்தானுடைய ஸ்டூடியோவில் அலுவலக வேலைக்குச் சேர்ந்து, எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து தொழில் பழகி, அப்புறம்தான் தப்ரீஸ் தொழுநோயாளிகள் இல்லத்துக்குக் கேமராவோடு போனார். கோலெஸ்தான் வெறும் 'பணம் போட்டவர்' என்றால் ஃபரூக்குடைய உழைப்பும் சேர்ந்துதான் காணாமல் போகிறது.

கோலெஸ்தானின் 'பிரிக் அண்ட் மிரர்' படத்தை நான் ராத்திரி மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்சியின் பின்சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுவாள், அந்தப் படம். பாதியில் எழுந்து வந்த என் மனைவி, "அந்தக் குழந்தையை யாராவது வச்சுக்குவாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, நான் தூங்கணும்" என்றாள். அநாதை இல்லக் காட்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. யாருடைய காதலர் எடுத்த படம் என்று அவள் கேட்கவே இல்லை!

அவரைப் பற்றிப் பேசினாலே சிலர் கேட்பார்கள்: "எண்ணெய்க் கம்பெனிக்காகப் படம் எடுத்தவர்தானே?" ஆமாம், எடுத்தார். அதே ஆளிடம் ஈரான் மத்திய வங்கி அரச நகைகளைப் படமாக்கச் சொன்னது. அவர் வர்ணனையில் அரசர்களையே குத்திக்காட்டினார். தணிக்கை பாய்ந்தது. 1974இல் புதையல் கிடைத்துத் தலைகால் புரியாமல் ஆடும் ஒரு கிராமத்தானின் கதையை எடுத்தார். ஈரான் மன்னர் ஷாவைத்தான் சொல்கிறார் என்று ஊருக்கே புரிந்தது. படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கினார்கள். கம்பெனி ஆள் இப்படித்தான் செய்வாரா?

"கர்வி." கர்விதான். அதற்கென்ன?

"மனைவி இருக்கும்போதே..." அது அவர்கள் வீட்டு விவகாரம்.

ஃபரூக் 1967இல் கார் விபத்தில் இறந்தார். கோலெஸ்தான் நூறு வயதுவரை இருந்து, 2023இல் இங்கிலாந்தில் இறந்தார். இடையில் 2003இல் மகன் காவே, புகைப்படக்காரர், ஈராக்கில் கண்ணிவெடிக்குப் பலியானார். அந்த அப்பாவை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. எல்லோருக்கும் காதல் கடிதம்தான் வேண்டும்.

"நீ என்ன அவருக்கு வக்கீலா?" என்று உள்பெட்டியில் கேட்ட நண்பருக்கு: ஆமாம், ஃபீஸ் வாங்காத வக்கீல். அடுத்து 'பிரிக் அண்ட் மிரர்' போடப் போகிறீர்களாமே, இயக்குநர் பெயரை முதல் வரியில் போடுங்கள். யாருடைய காதலர் என்பதைக் கடைசியில், பார்க்கிங் வசதிக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.