ஆழாக்கில் அளந்த விருந்து

சென்ற வாரம் காரைக்குடியில் ஓர் உணவகத்தின் பட்டியலில் 'செட்டிநாட்டு ராஜ விருந்து' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, ஆசையாகத்தான் கொண்டுவரச் சொன்னேன். மிளகாய்ப் பொடியில் குளித்த கோழியும், எண்ணெய் மிதக்கும் குழம்பும் வந்தன. காரம் கூடினால் செட்டிநாடு, விலை கூடினால் ராஜ விருந்து என்று ஆகிவிட்டது போலும்.

இந்த மண்ணை ஆண்டவர்கள் சேதுபதிகளும், பின்னர் சிவகங்கைச் சீமையாரும். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களோ வணிகர்கள், வட்டிக்கடை வைத்துப் பிழைத்தவர்கள். அண்ணாமலைச் செட்டியார் பெயருக்கு முன்னால் 'ராஜா' வந்தது 1929-ல் ஆங்கிலேய அரசு கொடுத்த பட்டத்தால். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கானாடுகாத்தானில் சுற்றுலா வருபவர்கள் அண்ணாந்து பார்க்கும் அரண்மனையும் 1912-ல் கட்டி முடித்த வணிகர் வீடே. இதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டுக்கு முடி சூட்டிவிட்டால், அதன் உயிரான கணக்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்றொரு வழக்கம் உண்டு. கூரை ஒன்றுதான், முற்றமும் வளவும் பொதுதான், ஆனால் புது மருமகளுக்கு அடுப்பு தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். கணவன் கடல் கடந்து கடைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை அதற்குள் குடித்தனத்தை ஓட்டுவது அவள் சாமர்த்தியம். கல்யாணத்தில் ஊரையே உட்காரவைத்துப் பரிமாறும் அதே வீட்டில், மறுநாள் மிஞ்சிய தேங்காய் மூடியை எண்ணி வைப்பார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. நானே சிறு வயதில் செய்திருக்கிறேன்.

என் அப்பத்தா வெள்ளைப் பணியாரத்துக்கு அளப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பச்சரிசியை ஆழாக்கு என்னும் சிறிய அளவுப் படியில் தலைதட்டி எடுப்பார். பிறகு அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். சரியாமல் நிற்கும் அளவுதான் உளுந்தின் அளவு. தராசும் வேண்டாம், இரண்டாவது படியும் வேண்டாம். ஊறவைத்து நைசாக ஆட்டிய மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால், அது தானாக உப்பி மேலே வர வேண்டும்; ஓரம் சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அதை விருந்தாளி இலையில் வைக்கமாட்டார், எங்களுக்குத்தான் வரும்.

கடல் வணிகம் இந்த அடுப்பில் கலந்திருப்பதும் உண்மை. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து கல்யாணப் பந்தியில் முதல் இனிப்பாகிவிட்டது. கீழைக் கடலைத் தாண்டி வந்த அன்னாசிப்பூ, இன்று கல்பாசியோடும் மராட்டி மொக்கோடும் ஒரே அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிறது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது கடைகளையும் வயல்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். கவுனி அரிசி மட்டும் பந்தியில் தங்கிவிட்டது. மறுபக்கம், மழையை நம்பி ஊருணி வெட்டிய வறண்ட பூமி இது. கொத்தவரங்காயும் மாங்காயும் மாடி வெயிலில் வற்றலாகும். ஆட்டுக்கறி உப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு, நூலில் கோத்த உப்புக்கண்டமாகத் தொங்கும். தாராளமும் தட்டுப்பாடும் ஒரே சமையலறையில் பழகிய ருசி இது. எந்த அரண்மனை மடப்பள்ளியிலும் பிறந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அன்று கை கழுவுமுன், வெள்ளைப் பணியாரம் இருக்கிறதா என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். இருக்கிறது என்று கொண்டுவந்து வைத்தார். நான்கும் நன்றாகச் சிவந்திருந்தன.