சன் ஹியுங்-மின் முதல் சீசன்: ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கால்பந்து அணிக்கு வந்த முதல் சீசனிலேயே தென் கொரிய வீரர் சன் ஹியுங்-மின் கோல்களைக் குவித்தார் என்று இங்கே பலரும் பகிர்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. ஜெர்மனியின் லெவர்குசன் அணியிலிருந்து 2015 ஆகஸ்டில் வந்தவர், அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் 28 ஆட்டங்களில் அடித்தது 4 கோல்கள்தான். பாதி ஆட்டங்களுக்கு மேல் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். 2016 கோடையில் ஜெர்மனிக்கே திரும்பிவிட நினைத்தார். பயிற்சியாளர் போச்செட்டினோ பேசித் தங்கவைத்தார். அப்புறம்தான் திருப்பம்: செப்டம்பரில் ஸ்டோக், மிடில்ஸ்பரோ இரண்டுக்கும் எதிராகத் தலா 2 கோல், அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருது. அந்தத் தடுமாற்றத்தை மறைத்தால் அவர் உழைப்பே மறைந்துபோகும்.

பிரீமியர் லீக் இணையதளத்தில் அவர் பக்கத்தைத் திறந்து, 2015-16 சீசனைத் தேர்ந்தெடுத்தால் கோல் கணக்கை நீங்களே பார்க்கலாம்.