ஊர் சுற்றினார் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை எங்கள் கல்லூரி வரலாறு சாரின் பணி நிறைவு விழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். "சார் வகுப்புல இருந்ததைவிட ஊர் சுத்துனதுதான் அதிகம்" என்று மேடையில் ஒருவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. சாரும் சிரித்தார். மடியில் கிடந்த சால்வையின் நூலைத் திருகிக்கொண்டே சிரித்தார். இரண்டு நாளாக எனக்கு அந்த விரல்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

அது ஊர் சுற்றல் இல்லை. அதுதான் அவர் நடத்திய பாடம்.

பி.காமுக்கு மார்க் போதாமல் வரலாறு எடுத்தவள் நான். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாடம் வந்த அன்று சார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு நாயை வரைந்தார். நம் செங்கம் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், அதாவது இறந்த வீரனுக்காக நட்ட கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவன் கருந்தேவகத்தி. கூடவே அவனுடைய நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது, கோவிவன் என்ற பெயரோடு, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. "1,400 வருஷத்துக்கு முன்னாடி நாய்க்குப் பேர் வெட்டி வெச்சிருக்காங்க. உங்க தாத்தாவோட தாத்தா பேர் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஒருவராலும் முடியவில்லை.

எங்கள் கிணற்றடியில் ஆயா துணி துவைக்கிற கல்லில் வில் மாதிரி ஏதோ இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கல்லைத் தேய்த்துக் கழுவினார், நனைத்த தாளை மேலே ஒட்டி பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கினார், அது சற்று உலர்ந்ததும் மை ஒற்றினார். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுத்து எழும்பி வந்ததைப் பார்த்து ஆயா இடுப்பில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "ஐயோ, ஒரு ஆளு மேலயா இத்தனை வருசம் துவைச்சேன்?" அன்றைக்கே மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். இப்போது அந்தக் கல் மாரியம்மன் கோயில் முன்னால் நிற்கிறது. எந்த வகுப்பறையில் இதை நடத்த முடியும், சொல்லுங்கள்.

சிலபஸ் முடித்தாரா என்று கேட்பீர்கள். முடித்தார், என் நோட்டு இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள். ஆய்வுக் கட்டுரை எத்தனை எழுதினார் என்பீர்கள். குறைவுதான். 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு யுஜிசி புள்ளி முறை வந்த பிறகு அதுவே அவருக்குப் பெரிய குறையாகப் போனது. ஒரு கிழவிக்குக் கல்லைப் படித்துக் காட்டியதற்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

வீட்டைக் கவனித்தாரா என்று யாராவது கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவர் மனைவி, அந்த அம்மாதான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். சனிக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட அவரை மேடைக்கு அழைக்கவில்லை, எனக்கும் அப்போது எழுந்து சொல்லத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

சிரித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு ஆகஸ்ட் 15 கிராமசபையில் சார் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். சோழ மன்னன் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடவோலையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் தேர்தலில், இடமில்லை என்ற விதியைச் சொன்னார். அது பிராமணர் ஊர்ச் சபை, நிலமும் வீடும் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்பதையும் அதே மூச்சில் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. யாருக்குச் சுட்டதோ தெரியாது, அடுத்த வாரம் கல்லூரிக்குப் புகார் போனது. "வெளி வேலைகளில் ஈடுபடக் கூடாது" என்று மெமோ வந்தது. அன்றைக்கும் இதே பேச்சுதான், ஊர் சுற்றல் என்பதற்குப் பதில் வெளி வேலை. முப்பது வருடம் கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் வேலை எதுவென்று தெரியவில்லையா, இல்லை தெரிந்தேதான் சிரித்தீர்களா?

நேற்று அவருக்கு போன் செய்தேன். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க ஊர்க் கல்லுக்கு பெயிண்ட் அடிச்சிட்டாங்களாமே, எழுத்து போயிடும்மா. ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றார்.

வாங்க சார் என்றேன், இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.